நான்காம் மாடியும் ஐயாயிரம் ஏக்கரும்



வளரும் நாடுகளில் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கும் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கும் துணையாக நிற்கும் உள்ளூர்த் தொழில்நுட்ப மையங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் பலருக்குப் பெங்களூரும் கலிபோர்னியாவும் நினைவுக்கு வந்திருக்கும். நான் உங்களை நைரோபிக்கும் லாகோஸுக்கும் கேமரூன் நாட்டு மலையடிவாரத்தில் உள்ள புவேயாவுக்கும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத, இணையம் அண்மையில்தான் எட்டிப்பார்த்த, வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத ஊர்களாக அவை அன்று இருந்தன. அந்த ஊர்களில் இளைஞர்கள் தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்ட வரலாறு நமக்கு நிறையக் கற்றுத் தருகிறது. உலகக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. எடுத்த கணக்குப்படி, 2016-இல் ஆப்பிரிக்கா முழுவதும் 314 மையங்கள் இயங்கின. 2019-இல் அந்த எண்ணிக்கை 618. மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்துவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் அந்த மையங்களை ஆதரிப்பதாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் எதற்குப் பணம் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்க மறுத்தார்கள் என்பதைப் பேசாமல் இந்த வரலாறு முழுமையாகாது. திறப்பு விழா நடத்தக்கூடிய எல்லாவற்றுக்கும் பணம் வந்தது. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும், காலையில் கதவைத் திறந்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைக்கும் மனிதரின் சம்பளத்துக்கும் பணம் வரவில்லை. மையத்தின் உயிர் இருப்பது இந்த இரண்டாவது வகைச் செலவில்தான். நான் சொல்ல வந்தது இதுதான். இனிச் சொல்வதெல்லாம் இதற்கான சான்றுகள்.

கென்யாவில் தொடங்குகிறேன். 2007 டிசம்பர் 27 அன்று அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. முடிவு அறிவிக்கப்பட்ட உடனே நாடெங்கும் வன்முறை மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பல லட்சம் பேர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். தொலைக்காட்சியில் நேரலைச் செய்திக்குத் தடை விதிக்கப்பட்டது. எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாத அந்த நாள்களில், ஓரி ஒகொல்லோ என்ற வழக்கறிஞர் தம் வலைப்பதிவில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். வன்முறை நடக்கும் இடங்களை மக்களே தெரிவித்து, அவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக் காட்ட யாராவது வழி செய்ய முடியுமா என்று கேட்டார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா முதலானோர் கைகோத்தார்கள். சில நாள்களிலேயே ‘உஷாஹிதி’ என்ற தளம் உருவானது. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். பின்னாளில், 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளுக்கு நடுவே உதவி கேட்டவர்களைக் கண்டறியவும் அதே மென்பொருள் பயன்பட்டது.

இதில் நான் கவனித்த செய்தி ஒன்று உண்டு. அந்தத் தளத்தை எழுதியவர்கள் ஓர் ஊரில் இல்லை. ஒருவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார், இருவர் அமெரிக்காவில் இருந்தார்கள். நைரோபியிலோ திறமையான நிரலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் சந்திக்க அவர்களுக்கு இடம் இல்லை. சிலர் வீட்டில், சிலர் கல்லூரிக் கணினி அறையில், சிலர் தேநீர்க் கடையில். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2010 மார்ச்சில், கோங் சாலையில் உள்ள பிஷப் மகுவா கட்டடத்தின் நான்காம் மாடியில் ‘ஐ-ஹப்’ திறக்கப்பட்டது. முன்னின்றவர் எரிக் ஹெர்ஸ்மன். முதல் முதலீடு ஓமிடியார் நெட்வொர்க், ஹிவோஸ் போன்ற அறநிறுவனங்களிடமிருந்து வந்தது.

அந்த மாடியின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களை மூன்று நிறமாகப் பிரித்தார்கள். வெள்ளை நிற உறுப்பினர் ஆக ஒரு காசும் தர வேண்டியதில்லை. இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், நிகழ்ச்சிகளுக்கு வரலாம். பச்சை நிறத்தாரை, அவர்கள் செய்து காட்டிய வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கட்டணமின்றி நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யலாம். சிவப்பு நிறத்தார் மாதக் கட்டணம் செலுத்தி நிலையான மேசை வைத்துக்கொண்டார்கள். கொடுக்க முடிந்தவர் கொடுத்தார், கொடுக்க முடியாதவர் தம் வேலையால் இடம் பெற்றார், ஒன்றுமே செய்திராத புதியவருக்கும் கதவு திறந்திருந்தது. மூலையில் ஒரு காபிக் கடை. வங்கி அதிகாரியும், வெளிநாட்டு முதலீட்டாளரும், முதலாண்டு மாணவனும் ஒரே வரிசையில் காபிக்கு நின்றார்கள். சில ஆண்டுகளில் பதிவு செய்த உறுப்பினர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது.

அதே சூழலில்தான் ‘அக்கிராசிக்ஸ்’ என்ற அமைப்பு 2010-இல் பிறந்தது. கணினித் துறையில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம். ஜூடித் ஒவிகார் உள்ளிட்ட இளம் நிரலாளர்கள் சிலர் கூடிப் பேசி, ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நிரலெழுத்தும் வடிவமைப்பும் கட்டணமின்றிக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். உஷாஹிதி குழுவினர் ‘பிரிக்’ என்ற கருவியை வடிவமைத்தார்கள். மின்சாரம் போனாலும் மணிக்கணக்கில் இயங்கக்கூடிய, ஓர் இணைப்பு அறுந்தால் தானாகவே அடுத்த இணைப்புக்குத் தாவக்கூடிய, கையில் தூக்கிச் செல்லும் இணையப் பெட்டி அது. 2013-இல் பொதுமக்களிடம் இணையம் வழியே நிதி கேட்டபோது 1,70,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. மின்தடை என்றால் என்னவென்று அனுபவித்தவர்கள் வடிவமைத்த கருவி. சான் பிரான்சிஸ்கோவில் யாருக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்காது. உள்ளூர் மையம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

ஐ-ஹப் தானாக முளைத்ததாக எண்ணிவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு வரை கிழக்கு ஆப்பிரிக்காவின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. வேகம் குறைவு, விலையோ எட்டாத உயரம். கென்ய அரசின் தகவல்துறைச் செயலராக இருந்த பித்தாங்கே இந்தெமோ, கடலடிக் கம்பிவடத்துக்காக விடாது முயன்றார். ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவிலிருந்து மொம்பாசா துறைமுகம் வரை ‘டீம்ஸ்’ என்ற கம்பிவடத்தை அரசும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தன. 2009-இல் அதுவும், தனியார் முயற்சியான ‘சீகாம்’ வடமும் கரையேறின. அதே ஆண்டு கைப்பேசிக் கருவிகளுக்கான மதிப்புக் கூட்டு வரியை அரசு நீக்கியது. நான்காம் மாடியின் கதவு 2010-இல் திறந்தது என்றால், அதன் திறவுகோல் 2009-இல் மொம்பாசா கடற்கரையில் கிடைத்தது. அரசு செய்ய வேண்டியதை அரசு செய்தது. இளைஞர்கள் செய்ய வேண்டியதை இளைஞர்கள் செய்தார்கள்.

எம்-பெசாவைப் பற்றிச் சொல்லாமல் கென்யாவைக் கடக்க முடியாது. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் அந்தச் சேவையை சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கியது. அதன் முதற்கட்டச் சோதனைக்கு பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியிலிருந்து சுமார் 10 லட்சம் பவுண்டு கிடைத்தது. வோடஃபோன் நிறுவனமும் அதே அளவு போட்டது. பொதுப்பணம் துணிந்து முதலடி எடுத்து வைத்ததால் ஒரு நாட்டின் பணப்புழக்கமே மாறியது. ஆனால் அந்த அமைப்போடு தங்கள் மென்பொருளை இணைக்க வேண்டும் என்று கேட்ட சின்னஞ்சிறு நிறுவனங்களுக்கு நெடுங்காலம் முறையான வழி கிடைக்கவில்லை. கடைக்காரரின் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை ஒரு மென்பொருளைக் கொண்டு படித்து, அதைக் கணக்கில் சேர்க்கும் சுற்றுவழிகளைக் கையாண்டார்கள். 2015-இல்தான் இணைப்புக்கான வழி வெளி நிரலாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டில் எத்தனை தொழில்கள் பிறக்காமலே போயினவோ. ஓர் ஊரின் பெரிய நிறுவனம் அந்த ஊர் இளைஞர்களுக்குச் செய்யக்கூடிய பேருதவி பரிசுத்தொகை அன்று. தன் அமைப்போடு இணைய அவர்களுக்கு நேர்மையான ஒரு வாசல் வைத்துத் தருவதுதான்.

இனி வருத்தமான பகுதிக்கு வருகிறேன். இவ்வளவு புகழ் பெற்ற ஐ-ஹப்பே பணத்துக்குத் தடுமாறியது. தொடக்கத்தில் வந்த நன்கொடை என்றென்றைக்கும் வரவில்லை. 2016 வாக்கில் அது தன் அமைப்பையே மாற்றிக்கொண்டு, இலாபநோக்கு நிறுவனமாகி, முதலீட்டாளரைத் தேடியது. 2019 செப்டம்பரில் லாகோஸ் நகரின் ‘சிசி-ஹப்’ அதை வாங்கியது. ஆப்பிரிக்க மையம் ஒன்றை இன்னோர் ஆப்பிரிக்க மையம் வாங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கண்டமெங்கும் வழிகாட்டியாக விளங்கிய ஓர் இடம், பத்தே ஆண்டில் கைமாற வேண்டிய நிலைக்கு ஏன் வந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

கொடையாளர்கள் பணம் தரும் முறையே முதல் காரணம் என்பது என் கருத்து. நிதி வருவது திட்டத்துக்கு. இந்த ஆண்டு வேளாண்மைச் செயலிகள், அடுத்த ஆண்டு மருத்துவம், அதற்கடுத்த ஆண்டு தட்பவெப்பம். ஒவ்வொரு திட்டத்துக்கும் பதினெட்டு மாதம், இருபத்து நான்கு மாதம் என்று கெடு. எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை போட்டி, எத்தனை வெற்றியாளர் என்று அறிக்கை. வாடகைக்கென்று கேட்டால் ‘நிர்வாகச் செலவு’ என்று சொல்லிக் கைவிரிப்பார்கள். ஆகவே மையத்தை நடத்துகிறவர், ஊர் இளைஞருக்கு என்ன தேவை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கொடையாளருக்கு என்ன பிடிக்கும் என்று பார்க்கத் தொடங்குகிறார். வாரத்துக்கொரு ஹேக்கத்தான் என்ற நிரல் போட்டி நடக்கிறது. பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் வென்ற குழுவும் தோற்ற குழுவும் ஒரே போல உட்கார இடமின்றி நிற்கின்றன.

நம் முன்னோர் இதைவிடத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் நந்தா விளக்கு எரிப்பதற்காக 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இடையர் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார். ஆடு சாகும், குட்டி பிறக்கும். தொகை குறையக் கூடாது. அதனால்தான் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்துவைத்தார்கள். கொடுத்தவர் ஒரு திருவிழாவுக்கு நெய் வாங்கித் தந்துவிட்டுப் போகவில்லை; விளக்கின் அன்றாடச் செலவுக்கு வற்றாத ஊற்று ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நாம் கூடியிருக்கும் இந்த மன்றமும் அதே கருத்தில் எழுந்த ஓர் அறக்கட்டளையால்தான் நடக்கிறது: முதல் அப்படியே இருக்க, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு. தொழில்நுட்ப மையங்களுக்கு வேண்டியது இந்த வகைப் பணம். ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாய்தான், ஆனால் பதினைந்து ஆண்டுக்கு நிச்சயமாக வரும் என்றால், அதை வைத்து ஒருவர் ஒரு நகரத்தையே மாற்றலாம். அந்தத் தொகையைப் போல இருபது மடங்கை இரண்டே ஆண்டில் கொட்டினால், மிஞ்சுவது நாற்காலிகள் மட்டுமே.

நைஜீரியாவின் லாகோஸுக்கு வருவோம். யாபா என்பது அந்த மாநகரின் பழைய பகுதி. 1947-இல் தொடங்கிய யாபா தொழில்நுட்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. லாகோஸ் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான். அன்று வாடகை குறைவு. போசுன் திஜானியும் ஃபெமி லோங்கேயும் 2011-இல் அங்கே, ஹெர்பர்ட் மெக்காலே சாலையில், ‘கோ-கிரியேஷன் ஹப்’ என்ற சிசி-ஹப்பைத் திறந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நடந்தே வந்துவிடும் தொலைவு. இடத்தேர்வு என்பது இப்படி இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, ஃபுங்கே ஒபெக்கே நிறுவிய ‘மெயின்-ஒன்’ நிறுவனமும் மாநில அரசும் மையமும் கைசேர்ந்து யாபா தெருக்களில் கண்ணாடியிழைக் கம்பிவடம் பதித்தன. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் அங்கே குடிவந்தன.

அங்கே பிறந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்த ஒலுசெயுன் ஒனிக்பிந்தே என்ற இளைஞர், சிசி-ஹப் நடத்திய ஹேக்கத்தான் ஒன்றில் அரசின் வரவுசெலவுத் திட்டத்தைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி படமாக வரைந்து காட்டலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். ‘பட்ஜிட்’ என்ற அமைப்பு அதிலிருந்து உருவானது. தங்கள் ஊருக்கு ஒதுக்கிய பள்ளிக்கூடம் எங்கே, ஆழ்குழாய்க் கிணறு எங்கே என்று நைஜீரியக் கிராமத்தார் இன்று பட்டியலோடு கேட்கிறார்கள். ஹேக்கத்தானைக் குறை சொன்ன நான் இதையும் சொல்லத்தான் வேண்டும். போட்டி முடிந்த பின்னும் அந்த எண்ணம் தங்கி வளர ஓர் இடம் இருந்தது, வேறுபாடு அங்கேதான். இன்னொன்று ‘லைஃப்-பேங்க்’. டெமி கிவா-துபோசுன் தொடங்கியது. பிள்ளைப்பேற்றின்போது இரத்தப்போக்கால் தாய்மார் இறப்பது அந்த நாட்டின் தீராத துயரம். எந்த இரத்த வங்கியில் எந்த வகை இரத்தம் இருக்கிறது என்பதைக் கணினியில் திரட்டி, லாகோஸ் நெரிசலைக் கிழித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். இதன் பயனை எந்தப் பங்குச்சந்தை விலையில் அளப்பது?

2016 ஆகஸ்ட் 30 அன்று மார்க் சக்கர்பெர்க் யாபாவுக்கு வந்தார்; அடுத்து நைரோபியின் ஐ-ஹப்புக்கும் போனார். உலகச் செய்தித்தாள்கள் அப்போதுதான் அந்த இடங்களைத் திரும்பிப் பார்த்தன. நைஜீரியர் ஷோலா அகின்லாடேயும் எஸ்ரா ஒலுபியும் தொடங்கிய ‘பேஸ்டாக்’ நிறுவனத்தை அமெரிக்காவின் ஸ்ட்ரைப் 2020-இல் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பெருமைக்குரிய வெற்றிதான். அதோடு ஒரு கவலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலீடு வேண்டுமென்றால் நிறுவனத்தை அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவுசெய்துவிட்டு வா என்று முதலீட்டாளர்கள் சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பெயர்பெற்ற புத்தொழில் நிறுவனங்கள் பலவும் அப்படியே செய்திருக்கின்றன. விதை இங்கே, நீர் இங்கே, பட்டா மட்டும் வேறொரு நாட்டில். உள்ளூர்ச் செல்வந்தர்கள் தம் பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் மட்டுமே போட்டுவைக்கும் வரை இது மாறாது. நைஜீரியரான டோனி எலுமெலு 2014-இல் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி டாலரை ஒதுக்கி, ஆப்பிரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குத் தலா 5,000 டாலர் விதைப்பணம் என்று அறிவித்தார். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கொருவராவது வேண்டும்.

போசுன் திஜானி 2023-இல் நைஜீரியாவின் தகவல்தொடர்பு அமைச்சரானார். 30 லட்சம் இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கினார். மையம் நடத்தியவரே அமைச்சரானது அரிது. ஆனால் யாபாவில் வாடகை ஏறி, பல நிறுவனங்கள் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது. மையம் வெற்றி பெற்றால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும்; அந்த ஏற்றத்தின் இலாபம் நில உரிமையாளருக்கு, சுமை மையத்துக்கு. சொந்தக் கட்டடமோ நீண்டகாலக் குத்தகையோ இல்லாத மையம் தன் வெற்றியாலேயே வெளியேற்றப்படும்.

புவேயாவைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன், சொல்லவே நெஞ்சு கனக்கிறது. கேமரூன் மலையின் அடிவாரத்தில், பல்கலைக்கழகத்தைச் சுற்றி, ‘ஆக்டிவ்-ஸ்பேசஸ்’ என்ற மையத்தின் துணையோடு இளம் நிறுவனங்கள் பல வளர்ந்தன. ‘சிலிக்கான் மலை’ என்று பெருமையோடு அழைத்துக்கொண்டார்கள். 2017 ஜனவரி 17 அன்று, ஆங்கிலம் பேசும் பகுதிகளில் நடந்த போராட்டங்களை அடக்க அரசு அங்கே இணையத்தையே துண்டித்தது. 93 நாள்கள். நிரலாளர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாகாண எல்லையைத் தாண்டி, அலைவரிசை எட்டும் போனாக்கோ என்ற சிற்றூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வேலை செய்தார்கள். ‘இணைய அகதி முகாம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே நாள்களில், துண்டிக்கப்பட்ட பகுதியின் பமெண்டா நகரைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர், கூகுள் உலகளவில் நடத்திய நிரல் போட்டியில் முதன்மைப் பரிசு பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அதைப் பெற்ற முதல் மாணவர் அவர்தான். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ஊரில் இணையம் இல்லை. ஓர் அரசு மானியம் தருவதும் பூங்கா அமைப்பதும் இருக்கட்டும். முதலில் கம்பியை அறுக்காமல் இருக்க வேண்டும். இது எல்லா நாட்டு அரசுகளுக்கும் பொருந்தும். இணையத் துண்டிப்பில் நம் நாட்டின் பெயரும் உலகப் பட்டியல்களில் முன்வரிசையில் அடிபடுவது எனக்கு வேதனை தருகிறது.

தலைப்பில் சொன்ன ஐயாயிரம் ஏக்கருக்கு வருகிறேன். நைரோபிக்குத் தெற்கே 60 கிலோமீட்டருக்கு அப்பால், கோன்சா என்ற இடத்தில், 5,000 ஏக்கரில் ஒரு தொழில்நுட்ப நகரம் எழுப்ப கென்ய அரசு திட்டமிட்டது. ‘சிலிக்கான் சவானா’ என்று அழைத்தார்கள். 2013 ஜனவரியில் அதிபர் மவாய் கிபாகி அடிக்கல் நாட்டினார். சாலைகள் போடப்பட்டன, தரவு மையம் ஒன்று இயங்குகிறது. ஆனால் பத்தாண்டு கழிந்த பின்னும் நைரோபியின் நிரலாளர் கூட்டம் அங்கே குடியேறவில்லை. காரணம் எளிது. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி பேருந்தில் வந்து இறங்கி, ஒரு காபியை வாங்கிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சந்தேகம் கேட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். அவளுக்கு நான்காம் மாடி போதும். பெருநகரத் திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களுக்கு அவை தேவை. அவற்றுக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கையாவது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாடிகளுக்குத் தர வேண்டும் என்கிறேன்.

துனீசியா 2018-இல் கொண்டுவந்த புத்தொழில் சட்டத்தை நம் சட்டம் இயற்றுவோர் படித்துப் பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவர் சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால் ஓராண்டு விடுப்பு எடுக்கலாம். தொழில் நடக்கவில்லை என்றால் பழைய வேலைக்கே திரும்பலாம். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் காலைக் கட்டிப்போடுவது முதலீட்டுக் குறைவு மட்டுமா? வேலையை விட்டால் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்ற அச்சமும்தான். அந்த அச்சத்தைச் சட்டத்தால் குறைக்க முடியும் என்று ஒரு சிறிய நாடு காட்டியது.

ஆப்பிரிக்காவைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு நம் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. இலங்கையில் போர் முடிந்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தன்னார்வலர்கள் ‘யாழ் ஐ.ரி. ஹப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ‘யாழ் கீக் சேலஞ்ச்’ என்ற போட்டியின் வழியாக, பள்ளி மாணவர் முதல் பட்டதாரிகள் வரை பலரும் தம் கருத்துகளைச் செய்து காட்டும் வாய்ப்பைப் பெற்றார்கள். வெளிநாடு போவதொன்றே வழி என்று ஒரு தலைமுறை நம்பியிருந்த ஊரில் அது சாதாரண வேலை இல்லை. தமிழ்நாட்டில் 2000-இல் திறந்த சென்னை டைடல் பூங்கா ஒரு காலகட்டத்தின் தேவையை நிறைவேற்றியது. இப்போது விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று சிறிய டைடல் பூங்காக்கள் வந்துள்ளன. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு மதுரை, திருநெல்வேலி, ஈரோடு ஆகிய ஊர்களில் வட்டார மையங்களைத் திறந்திருக்கிறது. அதன் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி தருகிறார்கள். நல்ல தொடக்கம். பத்தாம் ஆண்டிலும் அந்த மையங்களின் கதவு திறந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

கல்லூரி நிர்வாகிகள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வளாகங்களில் தொழில் வளர் மையம் என்று பலகை மாட்டிய அறைகள் உண்டு. மாலை ஐந்து மணிக்கு அவற்றைப் பூட்டிவிடாதீர்கள். படித்து முடித்துவிட்டுப் போன பிள்ளையும், உங்கள் கல்லூரியில் படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத பிள்ளையும் உள்ளே வந்து உட்காரட்டும். வாசலில் அடையாள அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்பும் இடம் மையம் ஆகாது. நகரத்துத் தொழிலதிபர்களிடமும் ஒன்று கேட்கிறேன். போட்டிகளுக்கு நடுவராக வந்து பொன்னாடை போர்த்திக்கொள்வதைவிட, உங்கள் ஆலைக்கு வேண்டிய ஒரு சிறு மென்பொருளை உள்ளூர் இளைஞர்களிடம் எழுதி வாங்குங்கள். சரியாக வராவிட்டால் திருத்தச் சொல்லுங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த நாளைத் தவற விடாதீர்கள். தொடக்கநிலைத் தொழில் ஒன்றைக் கொல்வது பெரும்பாலும் போட்டியாளர் இல்லை, வராமல் நிற்கும் பில் பணம். அரசுத் துறைகளுக்கும் இதுவே பொருந்தும். கென்ய அரசு 2013 முதல் தன் கொள்முதலில் நூற்றுக்கு முப்பதை இளைஞர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. ஒதுக்கியது நல்லது, பணம் காலம் தாழ்ந்து வந்ததால் பலர் கடனில் விழுந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிப்போம்.

மாணவ மாணவியரே, உங்களிடம் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உங்கள் ஊரில் மையம் இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து ஒரு நூலகத்தின் மாடியைக் கேளுங்கள். ஓரி ஒகொல்லோ ஒரு வேண்டுகோளை எழுதினார். மற்றது பின்னால் வந்தது.

கொடையுள்ளம் கொண்டவர்கள் நிறைந்த அவை இது. பிள்ளைகள் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கும் பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். இந்த மாதமே உங்கள் ஊரில் உள்ள ஒரு மையத்துக்குப் போங்கள். பரிசுக் கோப்பையோ பெயர் பொறித்த கணினியோ வாங்கித் தர வேண்டாம். அந்த மாத வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, நிர்வாகியின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதில் ஒன்றைப் பத்து ஆண்டுக்கு ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள்; முடிந்தால் ஒரு வைப்புத்தொகை போட்டு அதன் வட்டியை அதற்கென்று எழுதிவையுங்கள்.